கரையில் கதிரை போட்ட யோகன் அண்ணைக்கு

என் உயிருக்கு நெருக்கமான யோகன் அண்ணை,

போன இடத்திலாவது கால் நனையாமல் இருக்கிறீர்களா? இங்கே எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். வருகிறவர்கள் கையில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் உங்கள் வாழ்க்கையை எழுதுகிற வேலையை மலர் அக்கா என் தலையில் கட்டிவிட்டா. வெம்பிளி அச்சகக்காரர் தினமும் போன் எடுக்கிறார்.

அக்கா கேட்பது ஒன்றுதான். "தம்பி, ஊரிலையிருந்து தப்பி வரேக்கை வள்ளம் கவிழ என்ரை மனுசன் பதினொரு பேரைக் காப்பாத்தினவர். அதை முதல் பக்கத்திலை போடும்." லண்டன் பிளேஸ்டோவில் அந்தக் கதையை அறியாத தமிழர் யார்? ஆனால் நீங்கள் எனக்குச் சொன்னது வேறு.

எழுத உட்கார்ந்தால் உங்கள் கனூட் ராசாதான் வருகிறான். நீங்கள் மியூசியத்தில் வைக்கிங் கடலோடிகளின் வாள்களுக்குக் காவல் நின்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்திமார் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி வந்து எங்களுக்குச் சொல்வீர்கள். கனூட், ஆயிரம் வருசத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தவன். லண்டன் பாலம் வழிமறிக்க, பக்கத்தில் வாய்க்கால் வெட்டிக் கப்பல்களை இழுத்துப் போனவன். செத்த ராசாவின் மனைவியையே கட்டி இங்கிலாந்தை ஆண்டவன். "அவன் விசா இல்லாமல் வந்து ராசாவானவன். நாங்கள் கவுன்சில் வீட்டுக்கு லைனிலை நிக்கிறம்" என்று சிரிப்பீர்கள்.

அவன் அலையை நிறுத்தப் பார்த்த கதையை மட்டும் இரண்டு விதமாகச் சொல்வீர்கள். ஒருநாள், மண்டைக்கனம் பிடித்த ராசா கரையில் சிங்காசனம் போட்டு இருந்து கடலை நில் என்றான், அலை கேளாமல் அவன் காலை நனைத்தது. இன்னொருநாள், கடல் கேளாது என்று அவனுக்கு முன்னமே தெரியும். காக்கா பிடிக்கிறவர்களின் வாயை அடைக்கத்தான் காலை நனைத்தான், அதற்குப் பிறகு முடியே சூடவில்லை. எது சரி என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் அங்கை டியூட்டியிலை நிக்கேல்லை" என்பீர்கள்.

சவுத்எண்ட் கடற்கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் போல மடக்குக் கதிரையைத் தண்ணீரோரம் போட்டு அதில் இருந்துகொண்டு, "நில்லடா!" என்று கத்தினீர்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் போயும் நீங்கள் எழும்பவில்லை. கூப்பிட வந்த என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்: "தம்பி, நான் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை. சனம் தானாச் சொல்லுது."

அதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வேன்?

உங்கள் எட்டாம் நாளுக்கு லூயிஷாமிலிருந்து ஒரு பெண் வந்து உங்கள் படத்தின் முன் நின்று அழுதா. அந்த வள்ளத்தில் வந்தவவாம். தனியே கூட்டிப்போய்க் கேட்டேன். "ஓம், என்ரை தலைமயிரிலை பிடிச்சு இழுத்தவர். பலகையிலை என்னை ஏத்திப்போட்டுத் தன்ரை தங்கச்சியைத் தேடித் திரும்பவும் போனவர். வசந்தி, வசந்தி எண்டு கத்தினவர். ஆள் கிடைக்கேல்லை." எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்றேன். "மற்ற ஆக்களை எனக்குத் தெரியாது. என்னைத் தெரியும்" என்றா.

தங்கச்சியா? ஏழு வருசம் ஒரே வீட்டில் இருந்தோமே, ஒருநாளாவது சொன்னீர்களா? உங்களை லண்டனில் கண்டு கட்டின மலர் அக்கா எழுதித் தந்த உடன்பிறந்தோர் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது அண்ணை.

பதினொரு பேர் கதையை யார் எடுத்தாலும் உடனே நீங்கள் கனூட்டைத் தொடங்கிவிடுவீர்கள். உங்களை ராசாவாக்கிப் பீத்துகிறீர்கள் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். எங்கள் வாயை அடைக்கத்தான் சொன்னீர்களா? அல்லது வசந்தியைத் தேடிய அன்று கடல் உங்கள் சொல்லையும் கேட்கவில்லை என்று சொன்னீர்களா? எவ்வளவு யோசித்தாலும் விளங்கவில்லை. நான் எழுதப் போவதை நீங்கள் விரும்புவீர்களா என்றும் தெரியவில்லை.

இன்று பின்னேரம் அக்காவிடம் போகிறேன். ஏசினால் ஏசட்டும், அழுதால் பக்கத்தில் இருப்பேன். பதினொன்று என்று எழுத மாட்டேன். ஒருவருமில்லை என்றும் எழுத மாட்டேன். லூயிஷாமில் ஒருத்தி உயிரோடு இருக்கிறா என்று எழுதுவேன். அதற்கும் முன்னால், முதல் பக்கத்து முதல் வரியில், "வசந்தியின் அண்ணன்" என்று போடுவேன். இது சத்தியம்.

நீங்கள் வாய்நிறையத் தம்பி என்று கூப்பிட்ட,
இனி வசந்திக்கும் உடன்பிறப்பான,
குமரன்