நிர்வாக சபை இல்லாமல் கடலுக்குப் போனது

ஹம், ஜேர்மனி
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகன் பிருந்தனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகள் தேனுஜாவும் அந்த நியூசிலாந்துக் குளிரில் தடிமன், காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முறைப்பாடு சொல்கிறது, இறங்கும்போது வாய் திறப்பதில்லை, ஆகவே இறங்கிக்கொண்டே இருக்கிற வாழ்க்கை ஒன்று கிடைத்தால் எனக்கு ஒரு குறையுமில்லை. போன கிழமை நீ தொலைபேசியில் எங்கள் கடற்கரைப் பயணத்தைப் பற்றிக் கேட்டாய், அப்பா உடனே தொலைபேசியை வாங்கி "எல்லாம் திறம்" என்று சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போய்விட்டார். திறம்தான். ஆனால் அந்தத் திறத்துக்குள் என்ன நடந்தது என்று உனக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ அனுப்பிய படம். நீங்கள் இருவரும் படுக்கை, குசினியெல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிறீர்கள், பின்னால் கடல். அது வந்த நேரத்தில் அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள்தான். பிரியாவிடையில் ஒரு பூச்சாடியும் கைதட்டலும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு பழைய நேரத்துக்கே எழும்பி, சவரம் செய்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, மேசையில் இருந்து என்னைப் பார்ப்பார். வெங்காயத்தை எந்தப் பக்கத்தால் வெட்டினால் நேரம் மிச்சம் என்று எனக்கு விளக்கினார். குசினியில் உப்பையும் சீனியையும் இடம் மாற்றி வைத்து, இதுதான் ஒழுங்கு என்றார், அந்த ஒழுங்கால் ஒரு நாள் பாயாசம் கடலாகவே போனது. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், உங்கள் முகத்தை இல்லை, வண்டியின் காஸ் குழாயை. பிறகு சொன்னார், "கமலம், நாங்களும் இப்பிடிப் போவம். இவ்வளவு காலமாப் பாரிஸ், லண்டன், சூரிச், ரொறன்ரோ எண்டு திரிஞ்சம், மண்டபத்தைத் தவிர என்னத்தைக் கண்டம்? கலியாணம், சாமத்தியவீடு எண்டு ஆராவது கூப்பிட்டால்தான் போறனாங்கள். ஒருத்தரும் கூப்பிடாத இடத்துக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம்." உண்மைதான் பிருந்தன். பாரிஸில் இருக்கிற அந்தப் பெரிய கோபுரத்தை நான் பலகாரப் பையில் அச்சடித்திருக்கத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சந்தோசம் தந்தது அதில்லை. எங்கள் வீட்டில் "நாங்கள்" என்றால் கோயில், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் சேர்ந்த "நாங்கள்". அன்றைக்கு அப்பா சொன்ன "நாங்கள்" அவரும் நானும் மட்டும். நான் போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றினேன்.

ஊரையும் அவரே தேடிப் பிடித்தார். வடகடல் பக்கத்தில் ஹார்மர்சீல் என்று ஒன்று. ஒரு தேவாலயம், நாலைந்து மீன்பிடி வள்ளம், கடலைத் தடுக்கிற மண் அணைக்குப் பின்னால் வீட்டு வண்டிகள் நிறுத்தித் தங்குகிற ஒரு முகாம் இடம், எங்கள் கோயில் தேருக்கு வருகிற சனத்தில் ஒரு மூலை கூட இல்லாத ஊர். தமிழ்க் கடை இல்லாத ஊர் என்பதால் தெரிவு செய்தேன் என்று பெருமையாகச் சொன்னார். சொன்னது எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை கோயிலில் நகுலேந்திரன் அண்ணையிடமும் சொல்லிவிட்டார். நகுலேந்திரன் அண்ணையை உனக்குத் தெரியும், பஸ்ஸுக்கு இரண்டு பேர் சேர்ந்து நின்றால் கூட்டக் குறிப்பு எழுதுகிற மனுசன். வீட்டுக்கு வந்து செருப்புக் கழற்ற முதல் வாட்ஸப் குழு ஒன்று பிறந்துவிட்டது. அடுத்த கிழமை அது "வடகடல் உலா ஒன்றியம், ஜேர்மனி" ஆகிவிட்டது. அப்பா தலைவர், நகுலேந்திரன் அண்ணை செயலாளர், பக்கத்துத் தெருக் கஜந்தி அன்றைக்கு வேலையால் கூட்டத்துக்கு வரவில்லை என்பதால் அவளைப் பொருளாளர் ஆக்கினார்கள். எனக்குப் பதவி இல்லை, உபசரணை மட்டும்.

கூட்டமெல்லாம் எங்கள் வீட்டு ஹோலில்தான். முதல் கூட்டம் முழுக்க ஒன்றியத்தின் பெயர். அடுத்தது சின்னம், அதில் அலை வர வேண்டுமா வண்டி வர வேண்டுமா என்று தொண்டை கட்டும் வரை கதைத்தார்கள், ஒருவர் யாழ் வர வேண்டும் என்றார். அதற்கடுத்தது யாப்பு. நான் பற்றிஸ் பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது வாய் தவறி "எப்ப போறியள்?" என்று கேட்டுவிட்டேன். ஹோல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா மேடைக் குரலில், "அதை அடுத்த கூட்டத்திலை எடுப்பம்" என்றார். பிறகு மச்சம் சாப்பிடுகிற வண்டி, சைவ வண்டி என்று பிரித்தார்கள், மச்ச வண்டி காற்றுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று தீர்மானம். நகுலேந்திரன் அண்ணை முகாம் இடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கலைநிகழ்ச்சிக்கு மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் கேட்டார். அவர்கள் மிகவும் பணிவாகப் பதில் போட்டார்கள், இங்கே மத்தியானம் ஆட்கள் நித்திரை கொள்வார்கள், தயவுசெய்து எத்தனை வண்டி வரும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று. அந்த ஒரு கேள்வியில்தான் ஒன்றியம் உடைந்தது. வண்டிகளை யார் பெயரில் பதிவது? "தலைவர் இருக்கேக்கை செயலாளரின்ரை பேரிலை ஒப்பந்தம் போட ஏலாது" என்றார் அப்பா. "கடிதத் தொடர்பு முழுக்கச் செயலாளரின்ரை பொறுப்பு, யாப்பைப் பாருங்கோ" என்றார் அண்ணை. நகுலேந்திரன் அண்ணை போய் அதே பெயருக்குப் பக்கத்தில் "பொது" என்று ஒரு சொல்லைப் போட்டு இன்னொரு ஒன்றியம் தொடங்கினார். அதே ஊருக்கு, அதே கிழமைக்கு. இரண்டுக்கும் கஜந்திதான் பொருளாளர், அவளுக்கு இதுவும் தெரியாமலே நடந்தது. கடைசியில் அவள்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தாள், "அக்கா, இரண்டு பகுதியும் ஒரு வண்டி கூடப் பதியேல்லை. இப்ப பள்ளிக்கூட விடுமுறை, ஒரு இடத்திலையும் ஒண்டும் இல்லையாம்."

நான் வேலை செய்கிற இடத்தில் கோடையில் லீவு எடுப்பது லேசில்லை, வயதானவர்களை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் போக முடியாது. நான் மாரியிலேயே கேட்டு, கெஞ்சி வாங்கிய லீவு. அதைக் குசினியில் நின்று கழிக்க எனக்கு மனமில்லை. என்னோடு வேலை செய்கிற அன்கேயிடம் பழைய வீட்டு வண்டி ஒன்று இருக்கிறது. கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எங்களுக்கு இந்த மாதம் தேவையில்லை, கொண்டுபோ என்றாள். சுப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். காஸ் திறப்பது, தண்ணீர் நிரப்புவது, கழிவறைப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் பழகினேன், கடைசிப் பாடத்துக்கு முகம் சுளிக்கிற தொழிலில் நான் இல்லை. ஒவ்வொரு காலையும் பராமரிப்பு நிலையத்தின் சின்னக் காரில் வயதானவர்களின் வீடு வீடாக ஹம் தெருவெல்லாம் ஓடுகிறவள் நான், இது என் குசினியை நானே ஓட்டுவது போல இருந்தது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "உமக்கு அதை ஓட ஏலாது. அதோடை தலைவரின்ரை வீட்டு ஆக்களே தனியப் போனால் சனம் என்ன சொல்லும்? சனிக்கிழமை அவசரக் கூட்டம் இருக்கு, இரண்டு பகுதியும் சமாதானம் கதைக்கிறம்" என்றார். நான் சொன்னேன், "சனிக்கிழமை காலமை நான் போறன். நீங்கள் வந்தால் இடம் இருக்கு, வராட்டி இன்னும் கனக்க இடம் இருக்கு." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன் மகன். வண்டி ஓடுவதற்கு நான் பயப்படவில்லை. தனியப் போய், அது எனக்குப் பிடித்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டேன். அப்பா அயர்ன் பண்ணிய சேட்டோடு வெளியே வந்து, சில்லைக் காலால் தட்டிப் பார்த்து, "காத்துக் காணாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார், ஹோலில் சபை காத்திருந்தது. நான் வெளிக்கிட்டுவிட்டேன். ஹம் எல்லை தாண்டும் வரை அழுதேன், நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோன் அடித்தான், அதற்குப் பிறகு அழ நேரம் கிடைக்கவில்லை. மியூன்ஸ்ரருக்குக் கிட்டப் போகும்போது தொலைபேசி அடித்தது, பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி எடுத்தேன். அப்பா ரகசியக் குரலில், "கமலம், எங்கை நிக்கிறீர்?" என்றார். பின்னால் நகுலேந்திரன் அண்ணை ஏதோ வாசிப்பது கேட்டது. சொன்னேன். பிறகு, "அங்கை ரெயில் நிலையத்தடியிலை நில்லும், நான் வாறன்" என்றார். ரெயில் வழக்கம் போலப் பிந்தித்தான் வந்தது. அதிலிருந்து உன் அப்பா கலியாணங்களுக்கென்று எப்போதும் கட்டி வைத்திருக்கிற பையோடு ஓடி வந்தார். ஏறி இருந்து பெல்ற்றைப் போட்ட பிறகுதான் சொன்னார், சபையின் அனுமதி இல்லாமல் பயணம் போன தலைவரின் மனைவியைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்களாம். இரண்டு பகுதியும் முதல் முறையாக ஒன்றுபட்டது அதில்தானாம். தலைவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அப்பா கழிவறைக்குப் போய்விட்டு வாறன் என்று எழும்பி, வாசலுக்குப் போகிற ஓடையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு நேரே ரெயிலுக்கு வந்துவிட்டார். சபை எங்கள் ஹோலில் இருந்து கழிவறைக் கதவைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கஜந்தி சொன்னாள். கடைசியில் அவள்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வீட்டைப் பூட்டினாள், நல்ல பிள்ளை.

வழியில் நவிகேஷனில் கதைக்கிற பெண்ணோடு அப்பா வாதாடிக்கொண்டே வந்தார், அவள் சளைக்கவில்லை. முகாம் இடத்தில் தண்ணீர் நிரப்ப நான் இறங்கினால், தனக்குத் தெரியும் என்று குழாயைப் பிடுங்கித் திறந்தார், அது பாம்பு போலத் துள்ளித் தலையிலிருந்து கால் வரை நனைத்துவிட்டது. மாற்ற உடுப்பு எடுக்கப் பையைத் திறந்தால் பட்டு வேட்டி, சால்வை, கலியாணத்துக்கு மொய் வைக்கிற வெறும் உறைகள். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து ஜேர்மன்காரர்களைச் சொல்ல வேண்டும். சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று வீட்டை விட்டு வந்தவர்கள், வந்ததும் முதல் வேலையாக வண்டியைச் சுற்றிச் சின்ன வேலி போட்டார்கள், வேலிக்கு ஒரு படலை, படலையில் பெயர்ப்பலகை. எங்கள் கதிரையின் ஒரு கால் அவர்களுடைய பக்கத்தில் நிற்கிறது என்று அந்த மனுசன் வந்து காட்டினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, யாழ்ப்பாணத்துக்கு வெளியே எல்லைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற மனுசனை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் காலை அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் அணையில் ஏறினார், ஏறி நின்று அசையவில்லை. நானும் ஏறிப் பார்த்தேன். கடல் இல்லை. கண்ணுக்கெட்டும் தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. அப்பா இறங்கிப் போய்ப் பணிமனைக்காரரைக் கேட்டு வந்து, கந்தோரில் ஆள் இல்லை என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார், "வத்திப் போயிட்டுதாம். பின்னேரம் வருமாம். இஞ்சை கடலும் டெர்மின் குடுத்த நேரத்துக்குத்தான் வரும்." பின்னேரம் வரை தலைவருக்குப் பொறுமை ஏது? நானே போய்ப் பார்க்கிறேன் என்று சேற்றில் இறங்கினார். கொஞ்சத் தூரம் கம்பீரமாக நடந்தார், பிறகு முழங்கால் வரை புதைந்து நின்றார். பட்டு வேட்டியோடு, சால்வையோடு, நட்ட கம்பம் போல. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை. அவர் வெளியே வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. நான் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் சிரித்தார் பிருந்தன். குனிந்து, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வர. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை, அதற்கு முதலும் எப்போது கேட்டேன் என்று தெரியவில்லை. அணை வரை என் கையை விடவில்லை, வழுக்கும் என்று காரணம் சொன்னார். பிறகு பின்னேரம் வரை அணைப் படியில் இருந்தோம். கதைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தேன். அவர் நான் பராமரிக்கிற ஆட்களைப் பற்றிக் கேட்டார், இத்தனை காலத்தில் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டு, பதிலைக் கேட்டு ஏமாந்துபோகிற ஒரு தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா வேட்டியில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டு, "வேலை முடிஞ்ச அடுத்த நாள் நான் பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தனான். உமக்குச் சொல்லேல்லை. கையை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் இருந்தது" என்றார். அப்போது பார்த்தால் தண்ணீர் வந்திருந்தது. சத்தமே இல்லாமல், சேற்றை மூடிக்கொண்டு, எங்கள் காலடிக்கு.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே நகுலேந்திரன் அண்ணை பைலோடு வந்துவிட்டார், சமாதானமும் அறிக்கையும் சேர்த்து. அடுத்த வருசம் இரண்டு ஒன்றியமும் இணைந்து போவதாம், இடம் எப்படி, மேடை போட வசதி இருக்கிறதா, தலைவர் விவரம் தர வேண்டுமாம். நான் குசினி வாசலில் தட்டோடு நின்றேன். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து, கோயில் சாமி அறியச் சொல்கிற முகத்தோடு சொன்னார், "அண்ணை, எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டாங்கள். அங்கை கடலிலை தண்ணியே இல்லை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான். நீங்கள் வீணா மினக்கெடாதேங்கோ." நகுலேந்திரன் அண்ணை பைலில் அதை எழுதிக்கொண்டார். நான் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன், சிரிப்புக் கேட்காமல் இருக்க.

வேறு என்ன எழுத. நேரத்துக்குச் சாப்பிடு, தேனுஜாவைச் சமையலில் தனிய விடாதே, வெங்காயத்தை அவள் எந்தப் பக்கத்தால் வெட்டினாலும் பேசாமல் இரு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல், ஒருவரோடு ஒருவர் கதைக்க எப்போதும் ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். முக்கியமான விசயம், இங்கேயிருந்து யாராவது உனக்கு எடுத்து ஹார்மர்சீல் எப்படியாம் என்று விசாரித்தால், அப்பா சொன்னதையே நீயும் சொல். தண்ணீர் இல்லை. மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
ப. கமலநாயகி