மூடி திறக்காத எண்ணெய்க் கேன்

அன்பு மகள் மலர்விழிக்கு, புதுச்சத்திரத்திலிருந்து அம்மா. நான், அப்பா, பண்ணைக் கோழிகள் எல்லாரும் சௌக்கியம், ராய்ப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை சௌந்தர்யா, அதனால் இடையில் வாலாட்டம் இருக்கும், பொறுத்துக்கொள். (வால் அம்மாவுக்குத்தான், நான் ஆட்டிவிடுவதோடு சரி.)

நேற்றுப் போனில் அந்தக் கேன் எண்ணெயைத் தொடாதே என்று மட்டும் கத்தினேன், காரணம் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். இவள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு பிளாஸ்டிக் பற்றிப் படித்தாளாம், வீட்டு டப்பாக்களையெல்லாம் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பெரிதாக எழுதி ஒட்டினாள், தூங்கிய அப்பா நெற்றியில் ஏழு ஒட்டினாள், ஏழு என்றால் என்ன கலந்திருக்கிறதென்று சொல்ல முடியாதாம். ஒன்று என்றால் தண்ணீர் பாட்டில், திரும்பத் திரும்ப நிரப்பக் கூடாது, சூடும் ஆகாது. மூன்றையும் ஆறையும் சுடுசோற்றுப் பக்கமே விடாதே. இரண்டும் ஐந்தும் சமையலுக்குத் தோது. இதை மனப்பாடம் செய்துகொண்டுதான் நான் கெட்டேன். எப்போதும் தகர டின்னில் எண்ணெய் அனுப்புகிறவள், பண்ணையில் கிடந்த வெள்ளைக் கேனின் அடியில் இரண்டைப் பார்த்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, செக்குக் கடலை எண்ணெயை ஊற்றி, ராய்ப்பூருக்கு முட்டை லாரி ஓட்டுகிற குழந்தைவேல் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நேற்று அப்பா வந்து, ஏம்புள்ள, கொட்டாய்ல தெளிக்கிற மருந்து வந்த கேன் ஒண்ணு கெடந்துச்சே, எங்கன்னு கேட்டார். அதுலதானுங்க பாப்பாவுக்கு எண்ணெ ஊத்தி அனுப்புனேன் என்றேன். அப்புறம்தான் மனுஷர் விளக்கினார். எண் பிளாஸ்டிக்கின் இனத்தைத்தான் சொல்லுமாம், உள்ளே முன்பு என்ன இருந்தது என்று சொல்லாதாம், மருந்து அதில் ஊறிக் கிடக்குமாம், எத்தனை கழுவினாலும் போகாதாம். (எண் நல்ல எண்தான், எண்ணெய்தான் பாவம்.)

மசக்கையில் எண்ணெய் வாசமே ஆகவில்லை, மூடியைக்கூடத் திறக்கவில்லை, ஓட்டல் சாப்பாடுதான் என்று நீ சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. போன வாரம் முழுக்க அடுப்புப் பற்றவைக்காத சோம்பேறி என்று உன்னைத் திட்டினேனே சாமி, அத்தனையும் வாபஸ். ஆனால் சுடுகுழம்பை கேரி பேக்கில் வாங்கி வராமல் எவர்சில்வர் தூக்குப் போசி கொண்டுபோகச் சொல் மாப்பிள்ளையிடம். ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவருக்கு ஒரு போசி தூக்குவது பாரமா. மிஞ்சியதை பிளாஸ்டிக் டப்பாவோடு சூடு பண்ணாதே, கிண்ணத்தில் கொட்டிச் சூடு பண்ணு.

இந்தக் கடிதத்தோடு எவர்சில்வர் தூக்கில் புது எண்ணெய் வருகிறது. பழைய கேனை யாருக்கும் கொடுக்காதே, தண்ணீர் பிடிக்கக்கூட. அங்கே ரிக்கில் வேலை செய்யும் பையன்கள் சும்மா கிடக்கிற கேனை விடமாட்டார்கள். அப்படியே குழந்தைவேல் அண்ணனிடம் திருப்பி அனுப்பு, மருந்து வாங்கிய கடையிலேயே ஒப்படைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் நன்றாக இரு. எண்ணெய் வாசம் பிடிக்கிறவரை அடுப்புப் பக்கம் போகாதே, அம்மா ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் அம்மா சித்ரா

(கடைசி வரிக்கு அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். சௌந்தர்யா)