நல்ல நேரத்தில் போட்ட ஓட்டு

அக்டோபர் 18, சனி

வெயில். அக்டோபர் மாதிரியே இல்லை. காலையில் மியூசியத்தில் குழந்தைகள் வகுப்பு. பாதி களிமண் என் துப்பட்டாவில்.

முடிந்ததும் டைரக்டர் கூப்பிட்டார். மியூசியத்துக்கான வரித் தீர்மானம் நவம்பர் ஓட்டெடுப்பில் தோற்றால் ஜூனோடு மூடல். வீட்டு வரியோடு வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். ஆனால் ஓட்டுப் போடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று சொல்ல வேண்டும். "உமா, யூ நோ யுவர் கம்யூனிட்டி" என்றார். தெரியும். அதுதான் பயம்.

விசா காரணமாக எட்டு வருஷம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தேன். இந்த நாட்டில் என் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நுழையும் ஒரே இடம் இது. எனக்கு ஓட்டும் கிடையாது. வீட்டுக்காரருக்கு சிட்டிசன்ஷிப் வந்துவிட்டது, என்னுடையது இன்னும் இழுக்கிறது.

வாங்க: பால், கொத்தமல்லி, தியாவின் கால்குலேட்டருக்கு பேட்டரி.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி மிக்சர் இன்னும் தீரவில்லை. சாப்பிடும்போது இவரிடம் பேச்சை எடுத்தேன்.

"இருக்கிற ப்ராப்பர்ட்டி டாக்ஸே கழுத்த நெரிக்குது. படம் பாக்கறதுக்கு ஒரு டாக்ஸா?"

"எனக்காக."

"உன் வேலை போச்சுன்னா வேற பாத்துக்கலாம் உமா. அதுக்கு ஊரே ஏன் கட்டணும்?"

கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் இத்தனை வயிற்றெரிச்சல். ரசத்தில் உப்பு இல்லை, அதையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். தியா மட்டும், "டாட், ஷீ லவ்ஸ் இட் தேர்" என்றாள். உடனே போனுக்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 25, சனி

பக்கத்து வீட்டு சண்முகம் அங்கிளை மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கோயம்புத்தூர்க்காரர், ரிட்டயர்ட் இன்ஜினியர். தெருவில் எங்களோடு சேர்த்து நம் ஆட்கள் நாலு வீடு, மற்ற மூன்றும் அவர் சொன்னால் கேட்கும்.

"நம்மாளுக படம் ஒண்ணாவது இருக்குதா கண்ணு?"

இல்லை. ஆப்ரிகாட் தோட்டப் படத்தின் முன் நிறுத்தினேன். "அங்கிள், இது நம்ம தெரு. வீடு வர்றதுக்கு முன்னாடி."

கிட்டே போனார். ஏணியில் நின்று பழம் பறிக்கும் ஆட்களைப் பார்த்து, "இவங்கல்லாம் அப்புறம் எங்க போனாங்களோ" என்றார். திரும்பும்போது காரில், "டாக்ஸ் ஏறுனா ஏறிட்டுப் போகுது, விடு கண்ணு."

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்கால நேரம் தொடங்கியது, கடிகாரம் ஒரு மணி பின்னால். அடுப்புக் கடிகாரத்தை மாற்றத் தெரியவில்லை.

தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டுக் கேட்டுப் போட்டதற்கு மூன்று லைக். யாரோ பழைய சோபா விற்கிறார், அதற்கு நாற்பது கேள்வி. கெஞ்சிக் கெஞ்சி எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

கோயிலில் அர்ச்சனை. யார் பெயருக்கு என்றார் குருக்கள். மியூசியத்துக்கு என்றேன். நட்சத்திரம்? முழித்துவிட்டு என் நட்சத்திரத்தையே சொன்னேன்.

தபாலில் வந்த இவருடைய ஓட்டுக் கவர் ஃப்ரிட்ஜ் மேல். பிரிக்கவே இல்லை. கேட்கப் பயம். இல்லை என்று சொல்லிவிட்டால்?

நவம்பர் 4, செவ்வாய்

ஓட்டு நாள். மழை.

இருட்டும்போது இவர் ஈரத் தலையோடு வந்தார்.

"போட்டாச்சு. யெஸ். அங்கிள் வீடு, மத்த ரெண்டு வீடு, எல்லார் கவரையும் வாங்கிட்டுப் போய் நானே தெருமுனை போஸ்ட் பாக்ஸ்ல போட்டேன்."

அழுதுவிட்டேன்.

"நீதான் நேரங்காலம் பாப்பியே. காலண்டர்ல பாத்தேன், மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். முடியட்டும்னு கவரை மடியில வெச்சுக்கிட்டு கார்லயே உக்காந்திருந்தேன்."

இதிலெல்லாம் துளி நம்பிக்கை இல்லாத மனிதர். கேசரி கிளறினேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. நடக்கப் போனேன். போஸ்ட் பாக்ஸ் மேல் ஸ்டிக்கர்: தபால் எடுக்கும் நேரம் மாலை நாலு. ஒரே தடவைதான்.

செவ்வாய்க்கிழமைத் தபால் முத்திரை இல்லாத கவரை எண்ண மாட்டார்கள். இதை ஊருக்கெல்லாம் சொன்னேன். இவரிடம் பேச்சை எடுக்கவே பயந்து சொல்லாமல் விட்டேன்.

காலண்டர் இங்கே மில்பிடாஸில் நம்மூர் மளிகைக் கடையில் கொடுத்தது. அச்சு சென்னை, கணக்கும் சென்னைக்கு. போனில் இந்த ஊருக்குப் பார்த்தேன். சூரியன் சீக்கிரம் விழும் மாதம். இங்கே ராகு காலம் நாலு மணிக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கிறது.

ஈர நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாய் கூட்டிக்கொண்டு போன பெண் ஆர் யூ ஓகே என்றாள். யெஸ் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

குளிர். எண்ணி முடித்துவிட்டார்கள். தோற்றது. கொஞ்சத்தில் தோற்றது. எங்கள் தெருக் கவர்கள் வந்திருந்தாலும் போதாது. போதாதுதான். இருந்தாலும்.

அட்டையை ஜூன் வரை வைத்துக்கொள்ளச் சொன்னார் டைரக்டர். அதற்கப்புறம் நான் காலையில் எழுந்து எங்கே போவேன்?

இவர் தோளைத் தொட்டு, "நம்ம தெரு முழுக்கப் போட்டோம்ல உமா. நம்மளால ஆனதச் செஞ்சோம்" என்றார். டவலை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மேஜை மேல் அவர் போன் அதிர்ந்தது. தேர்தல் ஆபீஸ் மெசேஜ். உங்கள் ஓட்டுக் கவர் தாமதமாகத் தபாலில் சேர்ந்ததால் எண்ணப்படவில்லை.

பாத்ரூமில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். டிலீட் பண்ணினேன்.

அங்கிள் போனுக்கும் வந்திருக்கும்.