வலது வளைவில் ஏறிய சத்தம்

இன்று மத்தியானம் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். வாசனை போகவில்லை. கிரீஸும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசனை, உன்னுடைய நீள ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியில் இருப்பது. நீ அதைக் காதோடு அழுத்திப் பிடித்துப் பிடித்து, உன் தலையெண்ணெய் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ கொடுத்த நாளிலிருந்து அது என் வண்டியின் டிக்கியில் பழைய துண்டில் சுற்றியபடியே கிடந்தது. இன்று காலை ஏகாம்பரம் வந்து கேட்டதால்தான் வெளியே எடுத்தேன். அதன் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து டீக்கடை முன்னால் நம் வண்டிகள் ஐந்தாறு நிற்கும். எல்லாமே பத்து வருஷம் தாண்டியவை. உன் சபையில் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நீ வந்து சேரும்வரை பேச்சு எங்கெங்கோ ஓடும். கூலன்ட் ஊற்ற வேண்டுமா, குழாய்த் தண்ணீரே போதுமா. எஞ்சின் ஆயிலை நிறம் பார்த்து மாற்றுவதா, ஓடிய தூரம் பார்த்து மாற்றுவதா. யாராவது ஹாரனை மாற்றிவிட்டு வந்து அழுத்திக் காட்டுவார்கள். லாரிதான் வந்துவிட்டது என்று டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு ஒதுங்குவார். நீ வந்ததும் பேச்சு அடங்கும், பானெட்டுகள் திறக்கும்.

நீ மெக்கானிக் இல்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் சபையின் பாடல் குழுவை எத்தனையோ வருஷம் நடத்திய காது உன்னுடையது. இருபது பேர் சேர்ந்து பாடும்போது எந்த வரிசையில் சுருதி பிசகுகிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வாய். ஓடும் எஞ்சினில் ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாய். "மெக்கானிக்குகிட்ட போறதுக்கு முன்னாடி எங்க நோவுதுன்னு தெரிஞ்சிகினு போவணும்" என்பாய். நீ சொன்ன இடத்தில்தான் பெரும்பாலும் நோவு இருக்கும்.

எஞ்சினில் இல்லாத சத்தமென்றால் மலைப்பாதைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவாய். ஒருமுறை பக்கத்தில் என்னை உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தினாய். சக்கரத்தின் பேரிங் தேய்ந்தால் 'ஊம்' என்று ஒரு முனகல் வரும். நேர்ச்சாலையில் அது டயர் சத்தத்தோடு கலந்துவிடும். வளைவில் மட்டும் பிரிந்து கேட்கும். வலது பக்கம் திரும்பும்போது முனகல் ஏறினால் இடது சக்கரம், இடது பக்கம் திரும்பும்போது ஏறினால் வலது. நான் உடனே, பஸ் வலப்புறம் திரும்பினால் நிற்கிறவர்கள் எல்லாம் இடப்புறம் சாய்வதைப் போல, வண்டியின் பாரமும் இடது சக்கரத்தில் போய் விழுகிறது என்றேன். "இதைத்தான் நான் ஒரு வரியில சொன்னேன் வாத்தியாரே, நீ ஒரு பஸ்ஸையே கொண்டாந்து நிறுத்திட்ட" என்று சிரித்தாய். மேலே முருகன் கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளி உன்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வாரத்துக்கு மூணு தபா மலையேறுறேன். உங்க முருகருக்கு என் மூஞ்சி நல்லா தெரிஞ்சிருக்கும்" என்றாய்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, நீ கனகம்மாசத்திரம்வரை போகும் வழி முழுக்க இண்டிகேட்டரை அணைக்காமல் ஓட்டியதை நான் கவனித்தேன். அந்த டக் டக் சத்தம் வண்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. உனக்கு அது தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கவனித்தபோது, ஸ்க்ரூ டிரைவர் உன் காதுத் துளையில் இல்லை. காதுக்குப் பின்னால், எலும்பின்மேல் இருந்தது. அறிவியல் வாத்தியாருக்கு அது போதும். எலும்பு வழியாக எஞ்சினின் அதிர்வு இன்னும் உனக்கு எட்டியது. காற்று வழியாக வரும் சத்தம் எட்டவில்லை. தொண்டை சரியில்லை என்று நீ பாடல் குழுவிலிருந்து விலகியதன் காரணமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்புகளில் கரும்பலகை தெரியாத பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிச் சமாளிப்பார்கள். அவர்களைத் தனியே கூப்பிட்டு, "முன்னாடி வந்து உக்காருடா, கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்று சொல்வது எனக்குக் கை வந்த வேலை. உன்னிடம் மட்டும் அது வரவில்லை. பாடல் குழுவும் போன பிறகு, உன் காதைத் தேடி ஆட்கள் வரும் இடம் அந்த டீக்கடை ஒன்றுதான். அதையும் நான் பறிக்க வேண்டாம் என்று நினைத்தேன். யாராவது உனக்குப் பின்னாலிருந்து எதையாவது சொன்னால், நானே உன் எதிரில் வந்து சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். வாத்தியார் பழக்கம் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஏகாம்பரம் வந்தார். அம்மையார்குப்பத்தில் நான்கு விசைத்தறி வைத்திருப்பவர். தறிச் சத்தத்தில் அவர் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. அதை அவர் மறைப்பதே இல்லை. வண்டிக்கு அகலமான டயரும் அலாய் வீலும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சக்கரங்கள் வண்டியை விட்டு வெளியே பிதுங்கி நின்றன.

"இன்னா ஏகாம்பரம், வண்டிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய செருப்பு?" என்று கேட்டாய்.

"பையன் ஆசப்பட்டாண்ணா. எதுனா சத்தம் வருதுன்னு ஊட்டுல சொல்லுது. எனக்குத்தான் ஒன்னும் கேக்காதே. உங்க காதுதான் எனக்கும் காது. நாளைக்கு மெட்ராசுல கல்யாணம், ஊட்டுலயும் வருது. போலாமான்னு பாத்து சொல்லுங்க."

நீ ஓட்டினாய். நான் உன் பக்கத்தில். ஏகாம்பரம் பின்னால். முதல் வளைவு இடப்புறம், ஒன்றும் இல்லை. அடுத்தது வலப்புறம். கீழேயிருந்து முனகல் ஏறி வந்தது. வளைவு முடிந்ததும் இறங்கியது. அடுத்த வலது வளைவில் மறுபடி ஏறியது. இடது முன்சக்கரம். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அதே பாதையில், வரி மாறாமல் கேட்டது. நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மேலே போய் நிறுத்தினாய். "ஒன்னும் இல்ல ஏகாம்பரம். புது டயரு சத்தம். ஓட ஓட அடங்கிடும். தைரியமா போய்ட்டு வா" என்று திரும்பி உரக்கச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் நான் இத்தனை நாளும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். அகல டயர் சத்தம் போடும் என்பது உண்மைதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஏகாம்பரத்துக்குத் தனியாகப் போன் செய்து, எதற்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். போனில் அவருக்குக் கேட்காது, அவர் மனைவி வசந்தாவிடம்தான் சொல்ல வேண்டும், அவர் 'அண்ணா ஒன்னும் இல்லன்னாரே' என்பார் என்று யோசித்து யோசித்து, எட்டு மணிச் செய்தி வந்துவிட்டது. செய்யவில்லை.

மறுநாள் காலை கனகம்மாசத்திரம் தாண்டி, இடது முன்சக்கரம் ஆடிப் பிடித்துக்கொண்டு, வண்டி சாலையை விட்டு இறங்கிக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வசந்தாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் போனோம். "ரெண்டு மாசம் லீவு சார்" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை நேராகக் கூடவில்லை. நூல் சுற்றும் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

அங்கிருந்து திரும்பும்போது என் வண்டியில், நீ கேட்டாய்: "வாத்தியாரே, அன்னைக்கு மலையில உனக்கு எதுனா கேட்டுச்சா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இல்லப்பா. டயரு சத்தம்தான்."

அந்த நிமிஷத்தில் அது உனக்குச் செய்யும் உதவி என்றே நினைத்தேன். உனக்குக் கேட்காதது எனக்கும் கேட்கவில்லை என்றால், அந்தச் சத்தமே இல்லை என்று நீ நிம்மதியாக இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். நீ பிறகு டீக்கடைக்கு வந்தாய், டீ குடித்தாய். பானெட் திறந்தால் எழுந்து வரவில்லை. ஒரு ஞாயிறு, ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். "உன்கிட்ட இருக்கட்டும். உனக்கு நல்ல காது." அப்போதாவது சொல்லியிருக்கலாம். துண்டில் சுற்றி டிக்கியில் வைத்தேன். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். நான்கே நாளில் போய்விட்டாய்.

இன்று காலை ஏகாம்பரமும் வசந்தாவும் என் வீட்டு வாசலில் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். வேறு வண்டி, பழையது, வாங்கலாமா என்று பார்க்க ஓட்டி வந்தது. அகல டயர் எல்லாம் இல்லை. "அண்ணா இல்ல. இனிமே நீங்கதான் சார் கேட்டு சொல்லணும்" என்றார் ஏகாம்பரம். எஞ்சினில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதில் வைத்தேன். உன் எண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது. எஞ்சின் சுத்தமாக இருந்தது. மலைப்பாதையில் நான் ஓட்டினேன். ஏகாம்பரம் பக்கத்தில், வசந்தா பின்னால். வலது வளைவு ஒவ்வொன்றிலும் தலையைச் சாய்த்துக் கேட்டேன். சத்தம் எதுவும் இல்லை. நல்ல வண்டி.

மேலே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், "நல்லா இருக்கு, வாங்கலாம்" என்று உரக்கச் சொன்னேன். ஏகாம்பரம் கோபுரத்தைப் பார்த்தார்.

"அண்ணா எங்க ஊட்டுக்கு வந்தாரு சார், உங்களுக்குத் தெரியுமா? இவ கை கட்டோட இருக்கசொல்ல. 'என் காது போய் ரெண்டு வருஷம் ஆவுது ஏகாம்பரம், யாருக்கும் சொல்லாம மறைச்சிகினு இருந்தேன், எல்லாம் என் தப்புதான்'னு அழுதாரு. நான்தான் சொன்னேன், வாத்தியாரும் கூடத்தானே இருந்தாரு, அவருக்கும் கேக்கலையேன்னு. அதுக்கு அவரு, 'ஆங், அவன கேட்டேன், கேக்கலன்னான். அவனுக்கு கேட்டிருந்தா சொல்லியிருப்பான்'னாரு."

நீ அம்மையார்குப்பம்வரை போயிருக்கிறாய். தனியாகப் போய், மொத்தத்தையும் உன் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்காகத்தான் மறைக்கிறேன் என்று நான் காத்துவந்ததை, நீ என்றைக்கோ அவர்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டாய். கடைசிவரை உன்னிடம் இருந்தது என் பொய் ஒன்றுதான்.

"ஏகாம்பரம், எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"ஆங்?"

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. நான் சொல்லல."

அவர் கையைக் காதோரம் குவித்து என் பக்கம் சாய்ந்தார். விட்டுவிடலாம், ஒன்றுமில்லை என்று கையசைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஆசையும் எனக்குப் பழக்கமானதுதான். பின்னாலிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"அவருக்குக் கேக்கல சார். எனக்குக் கேட்டுச்சு. இன்னொரு தபா சத்தமா சொல்லுங்க."

எஞ்சினை அணைத்தேன். ஏகாம்பரம் என் வாயைப் பார்க்கும்படி நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"அன்னைக்கு இந்த ரோட்டுல, வலது பக்கம் திரும்பசொல்ல, இடது சக்கரத்துல சத்தம் வந்தது. எனக்குக் கேட்டுச்சு. அவனுக்குக் கேக்கலன்னும் எனக்குத் தெரியும். நான் வாயத் தொறக்கல."

பக்கத்து வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு ஏகாம்பரம் ஒன்று கேட்டார். "அண்ணாகிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"இல்ல."

"எல்லாம் தன் தப்புன்னே நெனச்சிகினு பூட்டாரு சார்" என்றார்.

இறங்கும்போது அவரே ஓட்டினார். முதல் வலது வளைவில் கண்ணைச் சாலையில் வைத்தபடியே, "கேக்குதா சார்?" என்றார். நான் குனிந்து கேட்டேன். "இல்ல" என்று உரக்கச் சொன்னேன். அடுத்த வளைவில் மறுபடி, "கேக்குதா சார்?" அடிவாரம்வரை ஒரு வளைவையும் அவர் விடவில்லை. நானும் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன். பின்னால் வசந்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு டீக்கடையில் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும். உன் காதைப் பற்றி இன்றும் அங்கே குறைத்துப் பேசுகிறார்கள். என் காதைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்கவில்லை. மேஜைமேல், இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு ஒன்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில் பொய். எனக்குக் கேட்டது.