ஜன்னல் சுவிட்ச்

என்னங்க,

சோறு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நம் பிள்ளையோடு வெள்ளத்தில் முங்கிய காரிலிருந்து ஜன்னல் சுவிட்சைக் கழற்றி, காயட்டும் என்று அரிசி டப்பாவில் புதைத்திருந்தீர்களே. இன்று உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் வந்தது. ரிப்பேர் பண்ண முடியுமா என்று கார் எலக்ட்ரீசியனிடம் காட்டினேன்.

"தண்ணி உள்ள போனதுமே இது செத்திருக்கும்மா. தம்பி அமுக்கின அமுக்குல பட்டனே விரிசல் விட்டுக் கிடக்கு. கண்ணாடி எப்படி இறங்கும்?" என்றார்.

"பதறாம கண்ணாடிய இறக்கியிருந்தா பொழச்சிருப்பான்" என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்கள். இனி சொல்லாதீர்கள்.

பி.கு.: அந்த அரிசியில் வடிக்கவில்லை, புதிதாக வாங்கினேன். சாப்பிடுங்கள்.

சுவிட்ச் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விரிசலை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.