சுடுதண்ணி மாற்றாத நாள்

என் அருமை மச்சாள் யோகா,

நேற்று உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தது. உன் படத்துக்கு மாலை போட மாமி என்னைத்தான் கூப்பிட்டார். போட்டேன், அழுதேன். இன்று வந்த பார்சல் நேற்றே வந்திருந்தால் போட்டிருப்பேனா, தெரியவில்லை.

வெளிநாட்டில் நீ படித்த இடத்திலிருந்து உன் சாமான்களை அனுப்பியிருக்கிறார்கள். உடுப்புகளுக்கு நடுவே நீ எழுதிய ஆய்வுக் கட்டுரை. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ட பிள்ளை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுகா" என்று என்னிடம் தந்தார்.

நாம் இருவரும் ஆய்வுகூடத்தில் மாதக்கணக்காகக் கிண்டிய பல்பகுதிய, அதாவது பாலிமர்ப் பூச்சைப் பற்றித்தான். அதை வளர்ப்புத் தட்டின் உள்ளடியில் பூசி, உடம்புச் சூட்டில் வைத்தால் தோலின் உயிர்க்கலங்கள் ஒட்டி வளரும். குளிர்ந்தால் பூச்சு தண்ணீரைக் குடித்து ஊதி, அவற்றை விட்டுவிடும். அப்படிக் கழன்றவை உயிரோடு ஒரே விரிப்பாக வந்தால் எரிகாயத்தில் அப்படியே ஒட்டலாம். சண்டைக் காலத்தில் அதற்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள்! நமக்குத்தான் அது ஒருமுறையும் கைகூடவில்லை.

நாம் கடைசியாகக் கலங்கள் வளர்த்த அன்று கரண்ட் இல்லை. வளர்ப்புப் பெட்டியைச் சுற்றிச் சுடுதண்ணிப் போத்தல்கள் அடுக்கியிருந்தோம். காலையில் தண்ணீர் மாற்றுவது என் முறை. கல்லடியில் நான் ஏறிய பஸ்ஸை ஆமிக்காரர் சோதனைச் சென்றியில் மறித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நான் வந்து சேர மத்தியானம். நீ வாசலிலேயே நின்றாய்.

"இவ்வளவு சுணங்கி வந்தா என்னகா செய்யிற? எல்லாம் செத்துப்போச்சு. ஊத்திட்டன்."

"கொஞ்சம்கூட மிஞ்சல்லையா?"

"இல்ல. இனி அதப் பத்திக் கதைக்காத."

கதைக்கவில்லை. என்னால்தான் கெட்டது என்று ஆய்வுகூடத்தையே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். எரிகாயத்தோடு ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்தால் அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

கட்டுரையில் நீ எழுதியிருக்கிறாய்: மின்சாரம் இல்லாத ஒரு நாளில் தட்டு மெல்லக் குளிர்ந்தது, கலங்கள் முழு விரிப்பாகக் கழன்றன, வேறு தட்டில் இட்டதும் ஒட்டி வளர்ந்தன. ஒன்றும் சாகவில்லை. என் சுணக்கத்தால்தான் அது கைகூடியிருக்கிறது. மேலே உன் பெயர் மட்டும். நன்றி சொன்ன இடத்தில்கூட நான் இல்லை.

ஏன் யோகா? வெளிநாட்டில் படிக்கிற புலமைப்பரிசில் ஒருவருக்குத்தான் என்றா? கேட்டிருந்தால் விட்டுத் தந்திருப்பேனே. பெயரை எடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இல்லாத குற்றத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதைப் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். காய்ச்சலில் போய் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

மாமி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கா மாமி" என்றேன். அவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

ஆய்வுகூடத்தில் மறுபடி இடம் கேட்கப்போகிறேன். அதே பூச்சைக் கிண்டுவேன். இந்த முறை வேண்டுமென்றே குளிரவிட்டு, கழல்வதை என் கண்ணால் பார்த்து எழுதுவேன். அதில் உன் பெயரும் இருக்கும். என் பெயருக்குப் பிறகு.

நீ சொன்னதைத் தட்டைத் திறந்து பார்க்காமலே நம்பிய,
உன் மச்சாள் கலா