இஸிரிக் புகையும் இருபத்துநான்கு எலிகளும்

செப்டம்பர் 13
எலிகளுக்கு நீரிழிவை வரவைக்கும் மருந்தைக் கரைத்து வைத்திருந்தேன். ஊசியில் ஏற்றும் நேரம் பேராசிரியர் கமோலித்தீன் போன் செய்தார். அவர் மகனுக்குக் கல்யாணம், விடியற்காலையில் ஆண்களுக்குப் புலாவ் விருந்து. "அந்திஜான் ஊரே வந்தாச்சு. நீ மட்டும் எலியோட குடும்பம் நடத்துறியா?" போகாவிட்டால் வருஷம் முழுக்க முகம் கொடுக்க மாட்டார். போனேன். முந்நூறு ஆண்கள், தட்டு தட்டாகச் சோறு. இரண்டு மணி நேரம் போயிற்று. திரும்பி வந்து இருபத்துநான்கு எலிகளுக்கும் ஊசி போட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 17
எல்லா எலிக்கும் சர்க்கரை ஏறிவிட்டது. சராசரி பதினான்கு மில்லிமோல்; நோயில்லாத எலிக்கு ஆறு. எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பரவாயில்லை. இன்றுமுதல் பாதிக்கு இஸிரிக் விதைச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். கண்ணேறு கழிக்க வீட்டுக்கு வீடு புகைக்கிற விதை. மாத்திரை வாங்க வழியில்லாதவர்கள் சர்க்கரைக்கும் இதையே விழுங்குகிறார்கள். கேட்குமா, கேட்காதா? யாரும் அளந்து பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன்.

அக்டோபர் 8
சாறு குடித்தவை: ஏழு! துள்ளிக் குதித்தேன்.
தண்ணீர் குடித்தவை: ஏழரை.
தண்ணீர் எப்படிக் குறைக்கும்?

அக்டோபர் 9, புதன்
சீக்கிரமே போனேன். எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஹோசியத் அக்கா, புகையும் சட்டியோடு கூண்டு கூண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இஸிரிக்!

"புதனும் வெள்ளியும் போடுறதுதானே தம்பி, என்ன புதுசா? நோவுப்பட்ட உசுருங்க."

"எலிக்கு யாருக்கா கண்ணு வைக்கப்போறா?"

"நீதான். தினமும் உத்து உத்துப் பாத்துக்கிட்டே நிக்கிறியே."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அப்படியென்றால் தண்ணீர் எலிகளும் இஸிரிக்கைச் சுவாசித்திருக்கின்றன. புகையிலேயே வேலை செய்கிறதா?

அக்டோபர் 11
ஆர்வம் தாங்காமல் பேராசிரியரிடம் சொல்லித் தொலைத்தேன். அரை மணி நேரத்தில் அக்காவுக்கு வேலை போயிற்று. "படிக்காத பொம்பளை, ஆராய்ச்சியையே கெடுத்துட்டா." இவர் வீட்டு வாசலிலேயே இஸிரிக் கொத்து தொங்குகிறது — அது மட்டும் பண்பாடு!

சாவியை என் கையில் வைத்துவிட்டு அக்கா சொன்னது இதுதான்: "மூணாங் கூண்டுல ஒண்ணு சரியா தின்னல. பாத்துக்கோ."

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அக்டோபர் 21
புது எலிகள், புதுக் கூண்டுகள்; பழையவற்றை அப்படியே விட்டுவைத்தேன். மருந்தைக் கரைத்த கையோடு ஊசி போட்டேன். மூன்று கூட்டம்: தண்ணீர் மட்டும், தண்ணீரும் புகையும், சாறு மட்டும். புகைக்கு வேறு அறை. சட்டி தூக்குவது நான்தான். கண் எரிகிறது.

நவம்பர் 20
தண்ணீர்: பத்தொன்பது. புகை: பத்தொன்பது. சாறு: பதினாறு.
விதை கொஞ்சம் வேலை செய்கிறது. கொஞ்சம்தான். புகை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் முதல் எலிகளுக்குச் சர்க்கரை எப்படி இறங்கியது?

நவம்பர் 21
இந்த நோட்டையே புரட்டினேன். செப்டம்பர் 13.
கரைத்தால் உடனே போட வேண்டிய மருந்து அது. நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துப்போகும். எனக்குத் தெரியும். தெரிந்தும் புலாவ் தின்னப் போனேன். பாதி செத்த மருந்து, அரைகுறை நோய். எலிகள் தானாகத் தேறிக்கொண்டன. சாறுமில்லை, புகையுமில்லை.
ச்சே. அந்த மனுஷி மேல பழியப் போட்டுட்டேனே.

நவம்பர் 22
எல்லாம் கேட்டபின் பேராசிரியர்: "புகைதான் கெடுத்துச்சுன்னே எழுது. எலிக்கும் வாயில்ல, அவளுக்கும் வாயில்ல."
"எனக்கு இருக்கே."
"உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், பாத்துக்கோ."
"போகட்டும்."
தவறு என்னுடையது, ஊசி போடாமல் எங்கே போனேன், ஹோசியத் அக்காவைத் திரும்ப எடுக்க வேண்டும் — மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகத்தில் கொடுத்தேன்.

டிசம்பர் 18, புதன்
பட்டம் தள்ளிப்போனது உறுதி. அக்கா வேலைக்கு வந்துவிட்டார். சலாம் சொன்னேன். நேரே மூன்றாம் கூண்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். எலி தின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவிலிருந்து குரல்: "இங்க வா."

சட்டியோடு நின்றார். அறைக்குள் கொண்டுவரவில்லை. புகையை என் தலையைச் சுற்றி மூன்று முறை காட்டினார்.

"எலிக்கு இல்ல, உனக்குத்தான் கண்ணு பட்டிருக்கு."

இருமினேன். இந்தப் புகையை மட்டும் அளந்து பார்க்கவில்லை.